ஷேர் டிரைவ் திறக்கலையா? என்ன சொல்லி திறக்கலன்னு முதல்ல பாருங்க

வீட்ல ரெண்டு கம்ப்யூட்டர், ஒண்ணுல பெரிய ஹார்ட் டிஸ்க், போட்டோ வீடியோ எல்லாம் அதுலதான் கெடக்கு, இன்னொண்ணுல இருந்து அத திறக்கணும். கேக்க அஞ்சு நிமிஷ வேலை மாதிரிதான் இருக்கும். நேத்து வரைக்கும் ஓடிட்டு இருந்துருக்கும், இன்னைக்கு ஒரு அப்டேட் வந்துருக்கும், இல்ல ரவுட்டர் மாத்திருப்பீங்க, இல்ல எதையுமே தொட்டிருக்க மாட்டீங்க, ஆனா திறக்காது. அப்ப எல்லாரும் பண்றது ஒண்ணுதான்: ஃபயர்வால ஆஃப் பண்ணு, எவ்ரிஒன்னுக்கு ஃபுல் கன்ட்ரோல் குடு, எங்கயோ படிச்சத வெச்சு எஸ்எம்பி ஒன்ன (கம்ப்யூட்டருக்குள்ள ஃபைல் பகிர்ற பழைய முறை, SMB1) ஆன் பண்ணு, மூணையும் ஒரே மூச்சுல. திறந்துட்டா எதனால திறந்துச்சுன்னு தெரியாது. திறக்கலன்னா இன்னும் மோசம், வீட்டு கதவெல்லாம் தொறந்து போட்டாச்சு, உங்களால மட்டும் உள்ள போக முடியல.

இது நாலு இடத்துல ஏதோ ஒரு இடத்துலதான் சிக்கும். இந்த மெஷினால அந்த மெஷின எட்ட முடியுதா, எட்டி கதவ தட்டுனா பதில் வருதா, யாருன்னு கேட்டா நீங்க சொல்ற பேரும் பாஸ்வேர்டும் செல்லுதா, அதுக்கப்புறம் அந்த ஃபோல்டர தொட உரிமை இருக்கா. எந்த இடம்னு ஸ்க்ரீன்ல வர்ற மெசேஜே பெரும்பாலும் சொல்லிடும், நாமதான் அத படிக்காம ஓகே அடிச்சிட்டு போயிடறோம். டிரைவ் இருக்குறத குடுக்குற மெஷின்னும், திறக்க பாக்குறத கேக்குற மெஷின்னும் சொல்றேன், ரெண்டுலயும் விண்டோஸ் 10 இல்ல 11ன்னு வெச்சுக்கங்க.

எதுக்கும் முன்னாடி ஒரு சின்ன டெஸ்ட். குடுக்குற மெஷின்ல கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் (ipconfig) அடிங்க, ஐபிவி4 அட்ரஸ்னு ஒரு வரி வரும், 192.168.1.20ன்னு வெச்சுக்குவோம். கேக்குற மெஷின்ல ஃபைல் எக்ஸ்ப்ளோரர் மேல இருக்குற அட்ரஸ் பார்ல \\192.168.1.20 ன்னு அடிச்சு என்டர். ரெண்டு பேக்ஸ்லாஷ், சாய்வு சரியா இருக்கணும், வெப்சைட்டுக்கு போடற ஸ்லாஷ் போட்டா பிரவுசர் திறந்துக்கும். இதுக்கு என்ன பதில் வருதுங்கறத பொறுத்து கீழ எந்த பகுதியோ அங்க போயிடுங்க, முழுசா படிக்கணும்னு இல்ல.

லிஸ்ட்ல மெஷின் பேரே வரல, ஆனா ஐபி போட்டா திறக்குது

அப்படின்னா உங்களுக்கு பிரச்சினையே இல்ல, உண்மையாத்தான் சொல்றேன். நெட்வொர்க்னு க்ளிக் பண்ணா வர்ற லிஸ்ட் வேற, ஃபைல் எடுக்குற வழி வேற. முன்னாடி அந்த லிஸ்ட எஸ்எம்பி ஒன்னோட சேந்த பழைய முறைதான் தயார் பண்ணிட்டு இருந்துச்சு. 2017 மே மாசம் வானாக்ரை வைரஸ் பரவுனது அந்த எஸ்எம்பி ஒன்ல இருந்த ஓட்டை வழியாத்தான், அதே வருஷ கடைசில வந்த விண்டோஸ் 10 1709 வெர்ஷன்ல இருந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா குடுக்குற மெஷினுக்கான அந்த பகுதி வர்றதே இல்ல. "எஸ்எம்பி ஒன் ஆன் பண்ணா லிஸ்ட்ல வந்துடும்"னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, பேரு தெரியணும்னு பழைய ஓட்டைய மறுபடி தொறந்து வெக்கறதுல என்ன லாபம்?

லிஸ்ட்ல வந்தே ஆகணும்னா சர்வீசஸ் திறந்து, குடுக்குற மெஷின்ல ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்னு ஒண்ணு இருக்கும், அத ஆட்டோமேட்டிக் டிலேய்டு ஸ்டார்ட்ல வெச்சு ஸ்டார்ட் குடுங்க. கேக்குற மெஷின்ல ஃபங்ஷன் டிஸ்கவரி ப்ரொவைடர் ஹோஸ்ட் ஓடுதான்னு பாருங்க. ரெண்டு நிமிஷம் விட்டு ரெஃப்ரெஷ் பண்ணா வரும். நான் இதெல்லாம் பண்றதில்ல, மேப் நெட்வொர்க் டிரைவ் போட்டு ஷேருக்கு இசட் மாதிரி ஒரு டிரைவ் எழுத்து குடுத்துட்டா லிஸ்ட் பக்கமே போக வேண்டியதில்ல. இன்னொண்ணு, நீங்க பாக்குற கைடுல ஹோம்குரூப்னு எழுதிருந்தா அத மூடிடுங்க, அது 2018ல வந்த 1803 வெர்ஷன்லயே தூக்கிட்டாங்க.

"நெட்வொர்க் பாத் கெடைக்கல", எரர் 53, இல்ல 80070035ன்னு முடியுற நம்பர்

முக்கால்வாசி பேர் நிக்கறது இங்கதான். பாஸ்வேர்ட், பர்மிஷன் எதுக்கும் இதுல சம்பந்தம் இல்ல, கேக்குற மெஷின் அந்த கதவு வரைக்குமே போகல. அதனால பர்மிஷன் டேப்ல போய் டிக் போட்டுட்டு உக்காராதீங்க.

முதல்ல ரெண்டு மெஷின்லயும் ஐபி பாருங்க. முதல் மூணு நம்பர் ஒண்ணா இருக்கணும். ஒண்ணு 192.168.1ல ஆரம்பிச்சு இன்னொண்ணு 192.168.0ல ஆரம்பிச்சா ரெண்டும் வேற வேற ரவுட்டருக்கு பின்னாடி இருக்கு, இன்டர்நெட் கம்பெனி குடுத்த பெட்டி ஒண்ணு, நீங்க வாங்கி மாட்டுன ரவுட்டர் ஒண்ணுன்னு ரெண்டு இருந்தா இப்படி ஆகும். ரெண்டாவது ரவுட்டர ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாத்துனா எல்லாம் ஒரே நெட்வொர்க் ஆயிடும். 169.254ல ஆரம்பிச்சா அந்த மெஷினுக்கு ரவுட்டர் ஐபியே குடுக்கலன்னு அர்த்தம், ஷேரிங்க விட்டுட்டு கேபிளயும் வைஃபையயும் பாருங்க.

என் தம்பி லேப்டாப்ல ஒரு நாள் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் உக்காந்தேன். நெட் நல்லா ஓடுது, வீடியோ ஓடுது, ஷேர் மட்டும் எட்டல. ஃபயர்வால்ல ஒவ்வொரு ரூலா திறந்து மூடிட்டு இருக்கேன், அவன் பக்கத்துல உக்காந்து கொட்டாவி விட்டுட்டு "அண்ணா, நான் கெஸ்ட் வைஃபைல இருக்கேன், அதனால ஏதாவதா?"ங்கறான். அவ்ளோதான் விஷயம். கெஸ்ட் வைஃபைல சேர்ற மெஷினுக்கு இன்டர்நெட் மட்டும் தெரியும், வீட்ல இருக்குற மத்த மெஷின் எதுவும் தெரியாது, அதுக்காகத்தான் அத வெச்சிருக்காங்க. சில ரவுட்டர்ல சாதா வைஃபைக்கும் ஏபி ஐசொலேஷன்னு ஒரு செட்டிங் இருக்கும், அது ஆன்ல இருந்தாலும் இதே கதைதான். விபிஎன் ஓடுதான்னும் பாருங்க, லோக்கல் நெட்வொர்க்க மறைக்கற மாதிரி பல விபிஎன் இருக்கு.

ஒரே நெட்வொர்க்லதான் இருக்குன்னா அடுத்து நெட்வொர்க் ப்ரொஃபைல். செட்டிங்ஸ்ல நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட் போய் கனெக்ட் ஆகிருக்கற வைஃபையோட ப்ராப்பர்ட்டீஸ்ல பப்ளிக், ப்ரைவேட்னு ரெண்டு இருக்கும். குடுக்குற மெஷின் பப்ளிக்ல இருந்தா ஃபைல் கேட்டு வர்றத ஃபயர்வால் உள்ள விடாது, அது ஏதோ பொது இடத்து வைஃபைல இருக்கறதா நெனச்சுக்கும். ரவுட்டர் மாத்துன அன்னைக்கே ஷேர் செத்துப்போச்சுன்னா முக்கால்வாசி இதுதான் காரணம், புது ரவுட்டர்னா விண்டோஸுக்கு அது புது நெட்வொர்க், பழைய இடத்துக்கு நீங்க குடுத்த ப்ரைவேட் இதுக்கு ஒட்டாது. ப்ரைவேட் ஆக்கிட்டு, அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்ல நெட்வொர்க் டிஸ்கவரி, ஃபைல் அண்ட் ப்ரின்டர் ஷேரிங் ரெண்டும் ஆன் பண்ணுங்க.

பிங் போட்டு பாத்து "பதில் இல்ல, நெட்வொர்க்கே போச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் பிங்குக்கு பதில் குடுக்கறதும் அதே ஃபைல் அண்ட் ப்ரின்டர் ஷேரிங் ரூல் கூடத்தான் இருக்கு, அது ஆஃப்ல இருந்தா மெஷின் உயிரோட இருந்துக்கிட்டே ஊமையா இருக்கும். அதுக்கு ஒரு வழி: பிங் போட்ட கையோட ஏஆர்பி -ஏ (arp -a) ன்னு அடிங்க. வர்ற லிஸ்ட்ல அந்த ஐபிக்கு நேரா ஒரு மேக் அட்ரஸ் (நெட்வொர்க் கார்டோட சொந்த அடையாள நம்பர்) இருந்தா ஆள் வீட்லதான் இருக்கார், கதவத்தான் திறக்கல, அதாவது ஃபயர்வால். மேக் அட்ரஸே இல்லன்னா ஆளே இல்ல, தூங்குது, இல்ல வேற நெட்வொர்க், இல்ல ஐசொலேஷன். இந்த ஒரு வரி பல மணி நேரத்த மிச்சம் பண்ணும்.

ஷேரிங் போறது 445ங்கற போர்ட் வழியா, போர்ட்னா மெஷினுக்குள்ள போற வாசலோட நம்பர். பவர்ஷெல்ல டெஸ்ட்-நெட்கனெக்ஷன் கமாண்டுக்கு அந்த ஐபியும் போர்ட் 445ம் குடுத்தா (Test-NetConnection 192.168.1.20 -Port 445) கடைசி வரில ட்ரூ இல்ல ஃபால்ஸ் வரும். ட்ரூன்னா பாதை சுத்தம். ஃபால்ஸ், ஆனா விண்டோஸ் செட்டிங் எல்லாம் சரின்னா குடுக்குற மெஷின்ல தனியா போட்ட ஆன்டிவைரஸ் எதுவும் இருக்கான்னு பாருங்க, அதுக்குள்ள சொந்தமா ஒரு ஃபயர்வால் இருக்கும், அங்கயும் இந்த நெட்வொர்க்க நம்பகமானதுன்னு குறிக்கணும்.

ஐபி போட்டா திறக்குது, பேரு போட்டா மட்டும் இந்த எரர் வருதுன்னா பேரு நீளமான்னு பாருங்க, பழைய முறைல 15 எழுத்துதான் கணக்கு, அதுக்கு மேல வெட்டிடும். சின்ன பேரா வெச்சு ரீஸ்டார்ட் பண்ணுங்க.

பாஸ்வேர்ட் கேக்குது, சரியாத்தான் போடறேன், மறுபடி மறுபடி கேக்குது

நல்ல செய்தி, பாதை ஓகே. இங்க தப்பு நடக்கறது பெரும்பாலும் எந்த பாஸ்வேர்ட்னு புரியாம. அது கேக்குறது குடுக்குற மெஷின்ல இருக்குற அக்கவுன்டோட பாஸ்வேர்ட், நீங்க உக்காந்திருக்கற மெஷினோடது இல்ல. அப்புறம் நீங்க தினமும் காலைல அடிக்கற நாலு நம்பர் பின் இதுக்கு செல்லாது. பின்னும் கைரேகையும் முகமும் அந்த மெஷினுக்கு முன்னாடி உக்காந்தவங்களுக்கு மட்டும்தான், நெட்வொர்க் வழியா வர்றவங்களுக்கு முழு பாஸ்வேர்ட் வேணும். மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல லாகின் பண்றவங்க அந்த இமெயிலையும் அதோட பாஸ்வேர்டையும் போடணும். ரெண்டு வருஷமா பின் மட்டும் அடிச்சு அந்த பாஸ்வேர்ட் என்னன்னே மறந்துபோனவங்க நிறைய பேர், நானும் சேத்தி.

யூசர் நேம்லயும் ஒரு குழி இருக்கு. சி டிரைவ்ல யூசர்ஸ் ஃபோல்டர்ல உங்க இமெயிலோட முதல் அஞ்சு எழுத்துல ஒரு ஃபோல்டர் இருக்கும், லாகின் ஸ்க்ரீன்ல உங்க முழு பேர் இருக்கும், இமெயில் வேற ஒண்ணு, இதுல எத போடறது? குடுக்குற மெஷின்ல கமாண்ட் ப்ராம்ப்ட்ல ஹூஆம்ஐ (whoami) அடிங்க, மெஷின் பேரும் யூசர் நேமும் நடுவுல ஒரு பேக்ஸ்லாஷோட வரும், அத அப்படியே போட்டு பாருங்க. பாஸ்வேர்டே வெக்காத அக்கவுன்டா? அது உள்ளூர்ல லாகின் பண்ண மட்டும் செல்லும், நெட்வொர்க்ல வெத்து பாஸ்வேர்ட விண்டோஸ் விடாது.

இதெல்லாம் விட்டுத்தள்ளுங்க, நான் எல்லாருக்கும் சொல்றது ஒண்ணே ஒண்ணு: குடுக்குற மெஷின்ல ஷேருக்குன்னே ஒரு லோக்கல் அக்கவுன்ட் போடுங்க, அட்மின் இல்லாத சாதா அக்கவுன்ட், நல்ல பாஸ்வேர்டோட. அந்த ஃபோல்டருக்கு அந்த பேர மட்டும் சேருங்க. கேக்குற மெஷின்ல ஒரு தடவ மெஷின் பேர், பேக்ஸ்லாஷ், யூசர் நேம், பாஸ்வேர்ட் போட்டு நினைவுல வெக்க டிக் அடிச்சிட்டா அதுக்கப்புறம் உங்க இமெயில் பாஸ்வேர்ட மாத்துனாலும் ஷேர் அசையாது.

புது பேர் போட்டும் பழைய பேர்லயே போய் முட்டுதுன்னா கிரெடென்ஷியல் மேனேஜர் திறந்து விண்டோஸ் கிரெடென்ஷியல்ஸ்ல அந்த மெஷின் பேர்லயும் ஐபிலயும் இருக்குறத எல்லாம் தூக்குங்க. எரர் 1219 வந்தா ஒரே மெஷினுக்கு ரெண்டு பேர்ல ஒரே நேரத்துல போக பாக்குறீங்கன்னு அர்த்தம், நெட் யூஸ் * /டெலீட் (net use * /delete) அடிச்சா எல்லா கனெக்ஷனும் அறுந்துடும், அப்புறம் புதுசா ஆரம்பிங்க.

எல்லாம் சரி, ஆனா ரெண்டு மெஷினும் ஒரே டிஸ்க்ல இருந்து க்ளோன் பண்ணதா, அதாவது விண்டோஸோட அப்படியே காப்பி எடுத்ததா? அப்ப இது வேற கேஸ். 2025 ஆகஸ்ட் கடைசிக்கு அப்புறம் வந்த விண்டோஸ் 11 அப்டேட்டுகள் (24எச்2, 25எச்2) ரெண்டு மெஷினுக்கும் ஒரே எஸ்ஐடி (விண்டோஸ் மெஷினுக்கு வெக்கற அடையாள நம்பர்) இருந்தா லாகின மறுத்துடும், பாஸ்வேர்ட் எவ்வளவு சரியா இருந்தாலும். ரெண்டுலயும் ஹூஆம்ஐ /யூசர் (whoami /user) அடிச்சு அந்த நீள நம்பர்ல கடைசி டேஷுக்கு முன்னாடி இருக்கறத ஒப்பிட்டு பாருங்க. ஒண்ணா இருந்தா ஒரு மெஷின்ல விண்டோஸ சுத்தமா புதுசா போடறதுதான் வழி.

பாஸ்வேர்டே கேக்காம "ஆர்கனைசேஷன் பாலிசி கெஸ்ட் ஆக்சஸ தடுக்குது"ன்னு வருது

வீட்ல ஏதுடா ஆர்கனைசேஷன்னு தோணும். மெசேஜ் அப்படி எழுதிட்டாங்க, பயப்பட வேணாம். பாஸ்வேர்ட் இல்லாம கெஸ்டா உள்ள போற பழக்கத்த விண்டோஸ் 11 24எச்2ல ப்ரோ எடிஷனுக்கும் நிறுத்திட்டாங்க, கூடவே எஸ்எம்பி சைனிங்கும் (போற வர்ற ஒவ்வொண்ணுக்கும் யார் அனுப்புனதுன்னு முத்திரை குத்தறது) கட்டாயம் ஆயிடுச்சு, கெஸ்டா போனா சைன் பண்ண வழியில்ல. பல வருஷமா பாஸ்வேர்ட் ப்ரொடெக்டட் ஷேரிங்க ஆஃப்ல வெச்சு ஜாலியா ஓட்டுனவங்களுக்கு ஒரு அப்டேட்ல மொத்தமா நின்னது இதனாலதான். பாலிசிய தளத்தி பழையபடி ஆக்க வழி இருக்கு, ஆனா மேல சொன்ன தனி அக்கவுன்ட் போட்டா அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிடும், எதையும் தளத்த வேண்டியதில்ல.

உள்ள போயிட்டேன், ஆனா ஃபோல்டர் திறக்கல, இல்ல படிக்க முடியுது எழுத முடியல

ஒரு ஃபோல்டருக்கு ரெண்டு பூட்டு. ஷேரிங் டேப்ல அட்வான்ஸ்டு ஷேரிங்குக்குள்ள இருக்கற பர்மிஷன் ஒண்ணு, செக்யூரிட்டி டேப்ல இருக்கறது ஒண்ணு. ரெண்டுல எது கெடுபிடியோ அதுதான் செல்லும். ஷேர் பக்கம் ஃபுல் கன்ட்ரோல் குடுத்துட்டு செக்யூரிட்டி பக்கம் அந்த பேரையே சேக்காம விட்டா ஆக்சஸ் டினைட், எரர் 5. செக்யூரிட்டில மாடிஃபை இருந்து ஷேர் பக்கம் ரீட் மட்டும் இருந்தா படிக்கலாம், எழுத முடியாது. பேர ரெண்டு இடத்துலயும் சேருங்க.

இதுல ரொம்ப குழப்பறது, ஃபோல்டர் எல்லாம் திறக்கும், உள்ள ஒரே ஒரு ஃபோல்டர் மட்டும் திறக்காது. அந்த ஃபோல்டர நீங்க எங்கயிருந்து கொண்டு வந்தீங்கன்னு யோசிங்க. அதே டிரைவ்ல வேற இடத்துல இருந்து கட் பண்ணி பேஸ்ட் பண்ணிருந்தா அது பழைய இடத்து பர்மிஷனையே சுமந்துட்டு வரும், காப்பி பண்ணிருந்தா புது இடத்தோடத எடுத்துக்கும். அதனால உங்க டெஸ்க்டாப்ல இருந்து நகத்துன ஃபோல்டர உங்களாலயும் அட்மினாலயும் மட்டும்தான் திறக்க முடியும். ஷேர் ஃபோல்டரோட செக்யூரிட்டி, அட்வான்ஸ்டுல உள்ள இருக்கற எல்லாத்துக்கும் பர்மிஷன மாத்தி எழுதற டிக் ஒண்ணு கீழ இருக்கும், அத போட்டு அப்ளை பண்ணுங்க, ஃபைல் நிறைய இருந்தா நேரம் எடுக்கும், நடுவுல நிறுத்தாதீங்க.

பழைய கம்ப்யூட்டர்ல இருந்து கழட்டி மாட்டுன டிஸ்கா இருந்தா செக்யூரிட்டி டேப்ல பேருக்கு பதிலா நீள நம்பர் ஒண்ணு இருக்கும், செத்துப்போன மெஷினோட யூசர் அது. ஓனர உங்க பேருக்கு மாத்திட்டு அப்புறம் பர்மிஷன் குடுங்க. செக்யூரிட்டி டேப்பே இல்லன்னா அந்த டிஸ்க் எக்ஸ்ஃபேட் இல்ல ஃபேட்32, அதுல ரெண்டாவது பூட்டே கிடையாது. ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைல் போகாது, அத ஷேரிங் பிரச்சினைன்னு நெனச்சு அலையாதீங்க.

சி டிரைவ முழுசா ஷேர் பண்ணிருந்தீங்கன்னா அத எடுத்துட்டு ஒரு ஃபோல்டர ஷேர் பண்ணுங்க, வேற ஒண்ணும் சொல்றதுக்கில்ல.

காலைல இருந்துச்சு, இப்ப டிரைவ் மேல சிவப்பு பெருக்கல் குறி

க்ளிக் பண்ணி பாருங்க, திறந்துச்சுன்னா விட்டுடுங்க. 15 நிமிஷம் யாரும் தொடலன்னா குடுக்குற மெஷின் கனெக்ஷன அறுத்துடும், க்ளிக் பண்ணா மறுபடி ஒட்டிக்கும், குறிதான் அசிங்கமா நிக்கும். திறக்கலன்னா குடுக்குற மெஷின் தூங்கிடுச்சா பாருங்க, பவர் செட்டிங்ல ஸ்லீப்ப நெவர் ஆக்குங்க, ஸ்க்ரீன் அணைஞ்சா பரவாயில்ல. யூஎஸ்பி டிஸ்கா இருந்தா இன்னொரு கூத்து, வேற பென் டிரைவ் சொருகுன நேரத்துல கழட்டி மாட்டிருந்தா இ டிரைவா இருந்தது எஃப் ஆகிருக்கும், ஷேர் இன்னும் இ டிரைவ தேடிட்டு இருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல கடைசி பக்க எழுத்தா ஒண்ணு, எக்ஸ் மாதிரி, குடுத்துட்டா மாறாது. ஐபி வெச்சு மேப் பண்ணிருந்தா ரவுட்டர் புது ஐபி குடுத்துருக்கலாம், ரவுட்டர்ல அந்த மெஷினுக்கு ஐபிய ரிசர்வ் பண்ணி வெச்சுடுங்க.

எக்ஸ்ப்ளோரர்ல தெரியுது, ஒரு ப்ரோகிராம்ல மட்டும் தெரியல

அந்த ப்ரோகிராம ரன் ஆஸ் அட்மினிஸ்ட்ரேட்டர்ல திறந்திருப்பீங்க. அட்மினா ஓடறதுக்கு நீங்க சாதாவா மேப் பண்ண டிரைவ் எழுத்து தெரியாது. எழுத்துக்கு பதிலா \\192.168.1.20 ன்னு ஆரம்பிக்கற முழு பாதைய குடுங்க.

எல்லாம் திறக்குது, ஆனா நத்தை வேகம்

பெரிய ஃபைல் ஒண்ண காப்பி பண்ணி வேகம் பாருங்க. செகண்டுக்கு 11 எம்பிக்கிட்ட அசையாம நின்னா உங்க கேபிள் 100 எம்பிபிஎஸ்ல ஓடுது. கிகாபிட்டுக்கு கேபிளுக்குள்ள இருக்கற எட்டு கம்பியும் வேணும், 100க்கு நாலே போதும், அதனால மத்த நாலுல ஒரு கம்பி விட்டுப்போனா நெட் அறுகாது, சத்தமில்லாம 100க்கு எறங்கிடும். கேபிள மாத்துங்க, 110 எம்பி வரைக்கும் போகும். ரெண்டு மெஷினும் வைஃபைல இருந்தா ஒவ்வொரு ஃபைலும் காத்துல ரெண்டு தடவ போகுது, ஒண்ணுல இருந்து ரவுட்டருக்கு, ரவுட்டர்ல இருந்து இன்னொண்ணுக்கு, பாதி வேகம் அங்கயே போச்சு. குடுக்குற மெஷினயாவது கேபிள்ல மாட்டுங்க.

திறந்ததும் ஓடிப்போகாதீங்க, அலைஞ்சப்ப எதெல்லாம் தொறந்து விட்டீங்களோ அத மூடணும். ஃபயர்வால் மறுபடி ஆன்ல இருக்கா, எவ்ரிஒன் இன்னும் பர்மிஷன் லிஸ்ட்ல உக்காந்திருக்கா, எஸ்எம்பி ஒன் டிக் எடுத்தாச்சா, ஒண்ணொண்ணா மூடி ஒவ்வொண்ணுக்கும் அப்புறம் ஷேர் திறக்குதான்னு பாருங்க, எத மூடுறப்ப ஷேர் நிக்குதோ அந்த இடத்துலதான் இன்னும் வேலை பாக்கி இருக்கு.